கீவெட்டினூங் தொகுதி யாருக்கும் கொடுத்த சலுகையன்று

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்காபரோவில் ஒரு இலட்சம் பேருக்கு ஒரு மாகாண சட்டமன்ற உறுப்பினர் இருக்கும்போது, வட ஒன்ராறியோவின் கீவெட்டினூங் தொகுதியில் 33,000 பேருக்கு ஒருவர் இருப்பது எந்த வகையில் நியாயம் என்று தங்கள் பத்திரிகையில் அண்மையில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் காட்டிய எண்களில் பிழையில்லை. அங்குள்ள ஒரு வாக்கு இங்குள்ள மூன்று வாக்குகளுக்குச் சமம் என்று அவர் போட்ட கணக்கும் ஏறத்தாழச் சரிதான். ஆனால் அந்தத் தொகுதி எப்படி உருவானது, அதற்கு முன் அந்த நிலத்தில் வாழ்ந்த மக்கள் எந்தெந்தத் தொகுதிகளுக்குள் எவ்வாறு வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதைச் சொல்லாமல், அதை அரசியல்வாதிகள் தமக்காகக் கூட்டிக்கொண்ட ஆசனம் என்று அவர் முடித்திருப்பது வாசகர்களைத் தவறாக வழிநடத்தும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கீவெட்டினூங் தொகுதியின் பரப்பளவு ஏறத்தாழ 2,94,000 சதுர கிலோமீட்டர். அதாவது முழு இலங்கையையும் நான்கு முறை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். தெற்கில் சூ லுக்கவுட், ரெட் லேக், இயர் ஃபோல்ஸ், பிக்கிள் லேக் ஆகிய சிறு ஊர்கள் வரைதான் நெடுஞ்சாலை போகிறது. அதற்கப்பால் ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள ஃபோர்ட் செவர்ன் வரை சிதறிக் கிடக்கும் முதற்குடிகளின் (First Nations) குடியிருப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் வீதி கிடையாது. சிறிய விமானத்தில் போக வேண்டும். அல்லது சனவரிக்குப் பின் ஏரிகளும் சதுப்பு நிலங்களும் உறைந்து இறுகும் சில வாரங்களில் அவற்றின் மேல் அமைக்கப்படும் பனிக்காலப் பாதையில் பாரவூர்தியில் போக வேண்டும். எரிபொருளும் வீடு கட்டும் பொருள்களும் அந்தச் சில வாரங்களுக்குள் போய்ச் சேர வேண்டும். பாதை முன்கூட்டியே உருகிவிட்டால் அந்த ஆண்டு வேலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். தொகுதி மக்களில் 68 வீதமானோர் பூர்வகுடிகள். ஒன்ராறியோவின் 124 தொகுதிகளில் பூர்வகுடிகள் பெரும்பான்மையாக உள்ள தொகுதி இது ஒன்றே.

இனி வரலாறு. அந்தப் பகுதி எந்த மாகாணத்துக்குச் சொந்தம் என்பதே 1880களில் முடிவாகாமல் இருந்தது. இன்று கெனோரா எனப்படும் ஊர் அக்காலத்தில் ராட் போர்ட்டேஜ். அதை மனிற்றோபா மாகாணமும் தனது நகரமாகப் பதிவு செய்துகொண்டது. ஒன்ராறியோவும் உரிமை கோரியது. ஒரு மாகாணத்தின் காவலர்களை மற்ற மாகாணத்தின் காவலர்கள் கைது செய்தார்கள். 1883 செப்டெம்பரில், ஒரே நாளில், அந்த ஒரே ஊரில் இரண்டு மாகாணங்களும் தத்தம் சட்டமன்றங்களுக்குத் தேர்தல் நடத்தின. அதில் மனிற்றோபாவின் சட்டமா அதிபரே அந்தத் தொகுதிக்கு வேட்பாளராக நின்று வென்றார். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், சண்டை மரத்துக்கும் கனிமத்துக்குமாக நடந்தது. மனிற்றோபாவில் அரச நிலங்கள் ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசின் கையில் இருந்தமையால், அங்கே மரம் வெட்டும் அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரம் பிரதமர் மக்டொனால்டின் அரசுக்கு இருந்தது; ஒன்ராறியோவிலோ அந்த வருமானம் மாகாண முதல்வர் ஒலிவர் மோவட்டின் அரசுக்குப் போகும். 1884இல், அன்று கனடாவுக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் ஒன்ராறியோவுக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொல்ல, 1889இல் பிரித்தானிய நாடாளுமன்றச் சட்டம் அந்த எல்லையை உறுதி செய்தது.

இதற்கிடையில் 1888இல் வந்த இன்னொரு தீர்ப்பைத்தான் இந்த விவாதத்தில் முதன்மையாகச் சொல்ல வேண்டும். வாபிகூன் ஏரிக்குத் தெற்கே மரம் வெட்ட மத்திய அரசு ஒரு கம்பனிக்கு அனுமதி கொடுத்திருந்தது. ஒன்ராறியோ அதை எதிர்த்து வழக்குப் போட்டது. அங்கு வாழ்ந்த முதற்குடியினரான ஒஜிப்வே மக்கள் 1873இல் பிரித்தானிய முடியோடு கைச்சாத்திட்ட மூன்றாம் இலக்க உடன்படிக்கைக்கு முன் அந்த நிலத்தில் அவர்களுக்கு இருந்த உரிமை எத்தகையது என்பதே வழக்கின் மையக் கேள்வி. கீழ்நீதிமன்றத்திலிருந்து இலண்டன் வரை நான்கு படிகளில் விசாரணை நடந்தது. ஒரு படியிலும் ஒஜிப்வே மக்கள் தரப்பாகச் சேர்க்கப்படவில்லை, அவர்களில் எவரும் சாட்சியாக அழைக்கப்படவும் இல்லை. அவர்களுடையது பிரித்தானிய முடியின் விருப்பத்தில் தங்கிய வெறும் பயன்பாட்டு உரிமை என்று பிரிவி கவுன்சில் கூறியது. நிலம் ஒன்ராறியோவுக்குப் போனது. அந்தப் பகுதியின் எல்லையும் சொத்தும் தீர்மானிக்கப்பட்ட முறை இது.

1908ஆம் ஆண்டுத் தேர்தலில் கெனோரா தனித் தொகுதியாயிற்று. 1912இல் ஒட்டாவா ஒன்ராறியோவின் எல்லையை ஹட்சன் விரிகுடா வரை நீட்டியபோது, பற்றீசியா மாவட்டம் என்ற பெயரில் ஏறத்தாழ 3,80,000 சதுர கிலோமீட்டர் நிலம் மாகாணத்தோடு சேர்ந்தது. இன்றைய கீவெட்டினூங் தொகுதியின் பெரும்பகுதி அந்த நிலம்தான். அங்கு வாழ்ந்தவர்களில் பலரோடு அப்போது உடன்படிக்கையே செய்யப்பட்டிருக்கவில்லை. ஒன்பதாம் இலக்க உடன்படிக்கைக்காக அரச ஆணையாளர்கள் 1905, 1906ஆம் ஆண்டுகளில் அல்பனி ஆற்றுக்குத் தெற்கேயும் அதன் கரையோரமாகவும் போய்வந்தார்கள். ஆற்றுக்கு வடக்கே பிக் ட்ரவுட் லேக், ஃபோர்ட் செவர்ன் போன்ற இடங்களுக்கு அவர்கள் போனது 1929, 1930இல்தான். அதாவது, எல்லை வரைந்து 17 ஆண்டுகள் கழித்துத்தான் நிலத்தில் இருந்தவர்களிடம் கையொப்பம் கேட்கப் போனார்கள். தேர்தல் வரைபடத்தில் அந்த வடபகுதி தெற்கேயுள்ள தொகுதிகளோடு ஒட்டப்பட்டது. தொகுதியின் பரப்பைப் பெரிதாகக் காட்ட அது உதவியது. அங்கிருந்து வாக்குப் பெட்டி எதுவும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்றால், தமக்கென ஒதுக்கப்பட்ட ஒதுக்கீட்டு நிலங்களில் (reserves) வாழ்ந்த முதற்குடியினருக்கு ஒன்ராறியோவில் மாகாண வாக்குரிமை கிடைத்தது 1954இல்தான். மத்திய தேர்தலில் அவர்கள் நிபந்தனையின்றி வாக்களிக்க 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கெனோராத் தொகுதி உருவான 1908 முதல் கணக்கிட்டால் 46 ஆண்டுகள், அத்தொகுதி தன் எல்லைக்குள் வாழ்ந்த முதற்குடி மக்களின் வாக்கு இல்லாமலேயே உறுப்பினர்களைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. ஒரு வாக்குக்கு மூன்று மதிப்பு என்று குறைப்பட்ட வாசகர், ஒரு வாக்குக்குப் பூச்சிய மதிப்பு இருந்த அந்த அரை நூற்றாண்டையும் தம் கணக்கில் சேர்த்திருக்கலாம்.

அந்தக் காலத்தில் அங்கிருந்து போனவர்கள் திறமையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. ரயில் இயந்திர ஓட்டுநராக இருந்த பீற்றர் ஹீனன் 1919இல் தொழிலாளர் பிரதிநிதியாக வென்று, பின்னர் ஒட்டாவாவில் தொழில் அமைச்சராகி, 1934இல் மீண்டும் கெனோராவின் மாகாண உறுப்பினராகத் திரும்பியவர். முதியோர் ஓய்வூதியச் சட்டம் 1927இல் நிறைவேறியபோது தொழில் அமைச்சராக இருந்தவர் அவரே. 1966 முதல் 1987 வரை கெனோராவின் உறுப்பினராக இருந்த லியோ பேர்னியர், 1977இல் உருவாக்கப்பட்ட வடபுல விவகார அமைச்சின் முதல் அமைச்சர். வடக்கின் சக்கரவர்த்தி என்று கேலியும் மரியாதையும் கலந்து அவரை அழைத்தார்கள். ஆனாலும் தெற்கிலுள்ள ரயில் பாதை நகரங்களிலும் காகித ஆலை நகரங்களிலும் வாக்குகள் குவிந்திருந்த தொகுதியில், வேட்பாளர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அவரது கால்கள் அங்கேதான் நிற்கும். விமானத்தில் மட்டும் போகக்கூடிய சில நூறு வாக்காளர்களுக்காக ஒரு வேட்பாளர் தேர்தல் காலத்தில் எத்தனை நாள்களைச் செலவழிப்பார் என்பதை ஊகிக்க அரசியல் ஞானம் தேவையில்லை.

நிலைமை பின்னர் இன்னும் மோசமாயிற்று. மைக் ஹரிஸ் அரசு 1996இல் கொண்டுவந்த சட்டத்தால் சட்டமன்ற ஆசனங்கள் 130இலிருந்து 103ஆகக் குறைந்தன. 1999ஆம் ஆண்டுத் தேர்தலில் கெனோராவும் ரெய்னி ரிவரும் ஒரே தொகுதியாக்கப்பட்டன. அமெரிக்க எல்லையிலிருந்து ஹட்சன் விரிகுடா வரை ஒரு மாகாண உறுப்பினர்! புதிய சனநாயகக் கட்சியின் மாகாணத் தலைவராகவும் இருந்த ஹவார்ட் ஹாம்ப்டன் 2011 வரை அந்தத் தொகுதியைச் சுமந்தார். செலவு மிச்சம் என்று அன்று சொல்லப்பட்டது. மக்களிடமிருந்து உறுப்பினரைத் தூரமாக்கிச் செய்யும் சிக்கனத்தில் எனக்கு என்றுமே நம்பிக்கை இருந்ததில்லை.

2005இல், தெற்கில் மக்கள்தொகை கூடினாலும் வடக்கின் ஆசனங்கள் 11இலிருந்து குறையக்கூடாது என்று சட்டம் இயற்றப்பட்டது. அதன் பிறகு, தூரவடக்குக்கான எல்லை நிர்ணய ஆணைக்குழு ஒன்று நீதிபதி ஜோய்ஸ் பெலத்தியே அவர்களின் தலைமையில் அமைக்கப்பட்டது. அவரும் ஒரு முதற்குடிப் பெண்மணி. கெனோரா–ரெய்னி ரிவர், டிம்மின்ஸ்–ஜேம்ஸ் பே ஆகிய இரு பெருந்தொகுதிகளை மட்டும் எடுத்து, கூடுதலாக ஒரு தொகுதியோ இரண்டோ அமைக்கலாமா என்று ஆராய்வதே அதற்கு இட்ட பணி. 2017 ஓகஸ்டில் அது கொடுத்த இறுதி அறிக்கை, இரண்டை நான்காக்கும்படி பரிந்துரைத்தது; அப்படிப் பிறந்ததுதான் கீவெட்டினூங். அந்த ஆண்டு ஒக்டோபரில் சட்டம் நிறைவேறி, 122ஆக இருக்கவிருந்த ஆசன எண்ணிக்கை 124 ஆயிற்று. இதைத்தான் அந்த வாசகர் அரசியல்வாதிகள் தமக்காகக் கூட்டிக்கொண்ட ஆசனம் என்கிறார். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த லிபரல் கட்சி 2018 தேர்தலில் அந்த நான்கில் ஒன்றையும் வெல்லவில்லை என்பதை அவர் கவனித்திருந்தால் நன்று. ஸ்காபரோ–ரூஜ் பார்க்கிலிருந்து விஜய் தணிகாசலம், மார்க்கம்–தோர்ன்ஹில்லிலிருந்து லோகன் கணபதி ஆகிய இரு தமிழர்கள் முதன்முறை சட்டமன்றம் சென்ற அதே தேர்தலில்தான், கீவெட்டினூங்கின் முதல் உறுப்பினராக, கிங்ஃபிஷர் லேக் முதற்குடியைச் சேர்ந்த சொல் மாமக்வா புதிய சனநாயகக் கட்சி சார்பில் தெரிவானார். 2022இலும் 2025இலும் மக்கள் அவரையே மீண்டும் அனுப்பியிருக்கிறார்கள்.

பரப்பளவைக் கருதி ஆசனம் கொடுப்பது நம்மவர்களுக்குப் புதிய கொள்கையுமல்ல. சோல்பரி அரசியலமைப்பின் கீழ் 1947இல் இலங்கையில் 95 ஆசனங்கள் பிரிக்கப்பட்டபோது, 75,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கோடு, 1,000 சதுர மைலுக்கு ஒன்று என்ற கணக்கும் சேர்க்கப்பட்டது. அவ்வாறு நிலப்பரப்புக்கென்று கிடைத்த ஆசனங்கள் 25; வடமாகாணத்தின் 9 ஆசனங்களில் 4 அப்படி வந்தவை. மன்னாருக்கும் வவுனியாவுக்கும் அன்றே தனித்தனி உறுப்பினர்கள் இருந்தமைக்கு இதுதான் காரணம். அப்படியிருந்தும் முல்லைத்தீவு 1977 வரை வவுனியாத் தொகுதிக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. வவுனியாக் கச்சேரியில் (மாவட்ட அரச செயலகத்தில்) எழுதுவினைஞராக இருந்தபோது, காட்டுப் பாதையில் உழவு இயந்திரத்தில் வாக்குப் பெட்டிகளோடு தேர்தல் கடமைக்குப் போனவன் நான்; ஆள் குறைந்த பெரிய தொகுதியில் ஒரு வாக்கைப் பெட்டிக்குள் சேர்ப்பதற்கே எவ்வளவு பாடு என்பது எனக்குத் தெரியும்.

கனடாவின் உயர்நீதிமன்றமும் இதைப் பேசியிருக்கிறது. சஸ்காச்சுவான் மாகாணத் தொகுதி எல்லைகள் தொடர்பான வழக்கில் 1991இல் நீதிபதி மக்லாக்லின் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, அரசியலமைப்பு காக்கும் வாக்குரிமையின் நோக்கம் வாக்குகளை எண்ணளவில் சமப்படுத்துவது மட்டுமல்ல, மக்களுக்குப் பயனுள்ள பிரதிநிதித்துவம் கிடைப்பதுமே என்றது. வாக்கின் சமமதிப்பே முதலிடத்தில் இருக்க வேண்டும். ஆயினும் நிலவமைப்பு, சமூக வரலாறு, சமூக நலன்கள், சிறுபான்மையினரின் பிரதிநிதித்துவம் ஆகியவற்றைக் கருதி அதிலிருந்து விலகலாம் என்பது அதன் சாரம். கீவெட்டினூங்கில் இந்த நான்கும் ஒன்றாக இருக்கின்றன. வேறொரு கிராமப்புறத் தொகுதிக்கு இதே அளவு விலக்குக் கேட்டால் நானே எதிர்ப்பேன்.

அந்த ஒரு ஆசனத்தால் என்ன வந்தது என்று கேட்பவர்களுக்கு 2024 மே 28ஆம் திகதி நடந்ததைச் சொல்லலாம். அதுவரை ஒன்ராறியோ சட்டமன்றத்தின் நிலையியற் கட்டளைப்படி உறுப்பினர்கள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மட்டுமே பேச முடியும். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் பூர்வகுடி மொழிகளுக்கும் இடமளித்து விதி மாற்றப்பட்டது. மே 28 அன்று மாமக்வா எழுந்து தமது ஒஜி-கிரி மொழியில் பேசினார். தாயாரும் குடும்பத்தினரும் ஊர்ப் பெரியவர்களும் பார்வையாளர் கலரியில் இருந்தார்கள். மற்ற உறுப்பினர்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு மொழிபெயர்ப்பைக் கேட்டார்கள். அவர் பேசியது அந்த மொழியின் எழுத்திலேயே சபைப் பதிவேட்டில் ஏறியது. ஆங்கிலமும் பிரெஞ்சும் அல்லாத ஒரு மொழி அந்தச் சபையில் மொழிபெயர்க்கப்பட்டுப் பதிவானது அதுவே முதல் முறை. அவர் கேட்ட கேள்வி அலங்காரமானது அல்ல. சூ லுக்கவுட்டில் முதியோருக்கான நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் எப்போது கட்டப்படும் என்பதுதான் கேள்வி. அங்கு இடமின்மையால் முதியவர்கள் தம் மொழி பேசுவோரும் உறவினரும் இல்லாத தொலைதூர நகரங்களுக்கு அனுப்பப்படுகிறார்கள். அந்த வேதனையை இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதே நேரத்தில், தொகுதி கிடைத்ததும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. அத்தொகுதியிலுள்ள நெஸ்கன்டாகாவில் 1995 பெப்ரவரி முதல் குழாய் நீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்ற அறிவித்தல் நடைமுறையில் இருந்து, 30 ஆண்டுகளைக் கடந்துவிட்டது. ஒதுக்கீட்டு நிலங்களில் குடிநீர் மத்திய அரசின் பொறுப்பு என்பதால், மாகாண உறுப்பினர் குரல் கொடுக்கலாம், கட்டளையிட முடியாது. வாக்களிப்பு வீதமும் மாகாணச் சராசரியைவிடக் குறைவாகவே இருந்து வருகிறது; அந்நியச் சபை என்று தலைமுறைகளாகக் கருதப்பட்ட ஒன்றின் மீது ஏழெட்டு ஆண்டுகளில் நம்பிக்கை வந்துவிடாது. அதே சட்டத்தால் கீவெட்டினூங்கோடு கூடவே பிறந்த முஷ்கெகோவுக்–ஜேம்ஸ் பே தொகுதியில் 30,000 பேர். அவர்களில் 60 வீதமானோர் பிரெஞ்சு மொழியினர், 27 வீதமானோரே பூர்வகுடிகள். ஜேம்ஸ் விரிகுடாக் கரையின் கிரி மக்கள் அங்கே இன்னும் சிறுபான்மைதான். ஆணைக்குழு அந்த இடத்தில் பாதி வழியில் நின்றுவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

மாகாணத்தின் கண் இப்போது வெபெக்வே, நெஸ்கன்டாகா ஆகிய முதற்குடிகளின் குடியிருப்புகளை அண்டிய கனிம வலயத்தின் மீது விழுந்திருக்கிறது. 2025 யூனில் நிறைவேறிய ஐந்தாம் இலக்கச் சட்டமூலம், விசேட பொருளாதார வலயங்களில் மாகாணச் சட்டங்களையே விலக்கி வைக்க அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அதைச் சபையில் எழுந்து எதிர்க்க, அந்த நிலத்திலிருந்தே வாக்குப் பெற்ற ஒருவர் இம்முறை இருந்தார். 1888இல் அந்த மக்களுக்காக எந்த மன்றத்திலும் ஒருவரும் இருக்கவில்லை.

அந்த வாசகரின் ஆதங்கத்தில் நான் ஏற்றுக்கொள்ளும் பகுதியும் உண்டு. பிரம்டன், மார்க்கம், மில்ட்டன் போன்ற இடங்களில் மக்கள் பெருகிக்கொண்டே போக, 2018இல் வந்த எல்லைகளிலேயே 2025 பெப்ரவரித் தேர்தலும் நடந்தது. புறநகர்வாசிகளின் வாக்கு மெலிந்து போகிறது என்பது உண்மை. அதற்குப் பரிகாரம் புறநகர்களுக்கு ஆசனங்களைக் கூட்டுவது, வடக்கிலிருந்து பிடுங்குவதன்று. மத்திய நாடாளுமன்றத் தொகுதிகளுக்கு நடந்த கடைசி எல்லை மறுசீரமைப்பில் வட ஒன்ராறியோ 10 ஆசனங்களில் ஒன்றை இழந்துவிட்டது. அதே வெட்டு மாகாணத்துக்கும் வர வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாகாண எல்லைகள் மீண்டும் பரிசீலனைக்கு வரும்போது நம் அமைப்புகள் எழுத்துமூலம் கருத்துச் சமர்ப்பிக்குமானால், ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் வேண்டியதைக் கேட்கட்டும். அந்தச் சமர்ப்பணத்தில் கீவெட்டினூங்கை ஒப்பீட்டுக்கு இழுக்காமல், தூரவடக்கின் இரு தொகுதிகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்க்கும்படி அவர்களைத் தங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஸ்காபரோ.